கருப்பட்டி போட்ட கேசரோல்

ரொம்ப நாளாச்சு இங்க எழுதி. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. இந்த வாட்டி ஒரு சமையல் குறிப்பு. பயப்படாதீங்க, நானே செஞ்சு, நானே சாப்பிட்டு, உயிரோடதான் எழுதிக்கிட்டு இருக்கேன் :-)

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி, லீட்ஸ்ல மேல்படிப்பு படிக்கிற மக போன்ல ஒரு படம் அனுப்பினா. கண்ணாடித் தட்டு, மேல பொன்னிறமா சீஸ், ஓரத்துல சிவப்பா குழம்பு கொதிச்சு வழிஞ்சிருக்கு. "பேக்டு பீன்ஸ் கேசரோல்பா. நானே செஞ்சேன். நாலு பேருக்கு ரெண்டு நாள் வந்துச்சு"ன்னு எழுதியிருந்தா. அடுத்த வரி: "உள்ள போட்டது மாட்டுக் கொத்துக்கறி. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

கேசரோல்னா நமக்கெல்லாம் சப்பாத்தி ஆறாம இருக்க வைக்கிற டப்பாதானே. உண்மையில அது பாத்திரத்தைக் குறிக்கிற பிரெஞ்சு வார்த்தை. பாத்திரத்தோட பேரே அதுல வேகுற சாப்பாட்டுக்கும் வந்துடுச்சு.

அந்த மெசேஜை நாலு தடவை படிச்சேன். கறி எனக்குப் பிரச்சினை இல்ல. அந்தக் கடைசி வரிதான் உறுத்துச்சு. ஏன்னா அதை நானே ஆறு வருஷம் சொல்லிக்கிட்டு இருந்தவன்.

இங்க ஒரு கொசுவத்தி சுத்திக்கிறேன். திருநெல்வேலியில எங்க வீடு சுத்த சைவம். முட்டைகூட வாசப்படி தாண்டாது. 1998ல வேலை கிடைச்சு சென்னையில கப்பல் ஏறினேன். ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர், மூணு நாள். ஹேடோ துறைமுகத்துல இறங்கின வாரமே புரிஞ்சுடுச்சு, இந்த ஊர்ல காய்கறிங்கிறது கப்பல் வந்தாத்தான். உருளை, வெங்காயம் எல்லாம் சென்னை, கொல்கத்தாவுலேர்ந்து வரணும். கப்பல் தள்ளிப்போனா கடையில வாழைக்காயும் தேங்காயும்தான். சுத்தி எங்க பாத்தாலும் மீன். மூணாம் மாசம் நானும் மீன் தின்னேன். ஊருக்குப் பேசும்போது மட்டும் "கத்திரிக்கா சாம்பார்மா"ன்னு சொல்லுவேன்.

2004 டிசம்பர் 26. ஞாயித்துக்கிழமை காலையில ஆறரை மணிக்கு வீடே ஆடுச்சு. மகளுக்கு அப்ப ரெண்டு வயசு. நிக்கோபார் பக்கம் நடந்ததோட பாத்தா போர்ட் பிளேயர் தப்பிச்சதுன்னுதான் சொல்லணும். ஆனா எங்க குவார்ட்டர்ஸ் சுவர் வெடிச்சுடுச்சு. ஆட்டம் நிக்கவே இல்ல. எல்லாரும் மைதானத்துல படுத்துக் கிடந்தோம். கடை இல்ல, அடுப்பு இல்ல. பக்கத்து வீட்டு வங்காளி பௌதி, கிழக்குப் பாகிஸ்தான்லேர்ந்து அகதியா வந்து இங்க குடியேறின குடும்பம், மூணு கல்லைக் கூட்டி சோறும் மீன் குழம்பும் வச்சாங்க. பசியில அழுதுக்கிட்டிருந்த எங்க புள்ளைக்கு முள்ளு பாத்து அவங்களே ஊட்டி விட்டாங்க. முட்டைகூடத் தொடாத தங்கமணி தட்டைப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துல நின்னா.

மூணாம் நாள்தான் ஊருக்குப் பேச முடிஞ்சது. வரிசையில நின்னு ஒரு நிமிஷம். அம்மா கேட்டது ஒண்ணே ஒண்ணு. "யய்யா, சாப்ட்டியா? புள்ள சாப்ட்டாளா?"

கத்திரிக்கா சாம்பார்னு சொல்ல வாய் வரல. "மீனும் சோறும் சாப்ட்டோம்மா" அப்படின்னேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்ல. லைன் போயிடுச்சோன்னு நினைச்சேன். அப்புறம், "சூடா இருந்துச்சா?"ன்னு கேட்டா.

சரி, சமையலுக்கு வருவோம். இதை இங்க வீட்டுல செஞ்சு, சாப்பிடும்போது தங்கமணிகிட்ட விஷயத்தைச் சொல்லிடலாம்னு திட்டம் போட்டேன். மககிட்டயும் "இதை நான் மறைக்க மாட்டேன், பக்குவமா சொல்லிக்கிறேன்"னு சொல்லிட்டேன். ரொம்ப நேரம் கழிச்சு "சரிப்பா"ன்னு பதில் வந்துச்சு.

அபர்தீன் பஜார் முழுக்கத் தேடியும் பீன்ஸ் டின் கிடைக்கல. கிடைக்காட்டி என்ன, நம்ம ராஜ்மாவும் அந்த டின்ல இருக்கிற வெள்ளைப் பயறும் ஒரே செடி இனம். பொரியல் பண்ற பச்சை பீன்ஸும் அதே இனம்தான். எல்லாம் அமெரிக்கக் கண்டத்துலேர்ந்து உலகம் சுத்தினது. பாஸ்டன் பக்கம் மொலாசஸ் ஊத்தி மண்சட்டியில மணிக்கணக்கா வேக வச்ச சாப்பாடு, 1886ல ஹெயின்ஸ் டின்ல ஏறி லண்டன் கடைக்குப் போச்சு. அப்ப அங்க அது பணக்காரங்க பண்டம். இப்ப எங்க மக மாதிரி மாணவர்களுக்குக் கஞ்சி. பேருதான் பேக்டு, டின்ல இருக்கிறது ஆவியில வெந்ததுதான்.

கால் கிலோ ராஜ்மாவை ராத்திரி ஊறப் போடுங்க. காலையில அந்தத் தண்ணியைக் கொட்டிட்டுப் புதுத் தண்ணியில பத்து நிமிஷமாவது தளதளன்னு கொதிக்க விடுங்க. இதை மட்டும் விட்டுடாதீங்க. பச்சை ராஜ்மாவுல வயித்தைக் கலக்குற விஷச்சத்து இருக்கு, லேசான சூட்டுல அது போகாது. அப்புறம் குக்கர்ல ஆறு விசில். விரல்ல நசுக்கினா மாவா வரணும். தக்காளியும் இனிப்பும் அதுக்கு அப்புறம்தான். முன்னாடியே போட்டீங்கன்னா புளிப்பும் இனிப்பும் சேர்ந்து பயறை வேக விடாது.

நாலு தக்காளி அரைச்சு, வெங்காயம் வதக்கி, உப்பு, மிளகாத்தூள், ஒரு ஸ்பூன் கடுகுப்பொடி, ஒரு ஸ்பூன் வினிகர். மொலாசஸுக்கு எங்க போறது? அம்மா அனுப்பின உடன்குடி கருப்பட்டி இருந்துச்சு. அரை வட்டு தட்டிக் கரைச்சு, வடிகட்டி ஊத்தினேன். அந்த வாசனை வந்ததும் எனக்கே சிரிப்பு. வெள்ளைக்காரன் சட்டியில நெல்லைச் சரக்கு! வெந்த பயறைப் போட்டுக் கெட்டியாகிற வரைக்கும் கொதிக்க விட்டேன்.

கறி? மாட்டுக்கறி தங்கமணி அடுப்புல ஏறாது, நானும் தேடல. மோகன்புரா மார்க்கெட்ல 300 கிராம் ஆட்டுக் கொத்துக்கறி. பூண்டு, மிளகு, ஒரு துண்டு பட்டையோட தண்ணி வத்துற வரைக்கும் வதக்கிக்கோங்க. ரெண்டு தட்டு வச்சேன். என்னோடதுல பயறும் கறியும், அவளோடதுல பயறும் காளானும். மேல வேக வச்ச உருளையை வட்டமா அடுக்கி, சீஸ் துருவி, 180 டிகிரியில அரை மணி நேரம்.

பதினஞ்சாவது நிமிஷம் கரண்ட் போச்சு. இந்தத் தீவுல கரண்ட்டுக்கு முக்கால்வாசி டீசல்தான் கதி, அந்த டீசலும் கப்பல்லதான் வரணும். பழைய கேக் வித்தையை எடுத்தேன். ரெண்டு குக்கர்ல மணலைப் பரப்பி, மேல தட்டை வச்சு, கேஸ்கெட்டும் வெயிட்டும் கழட்டிட்டு மூடி, சின்னத் தீயில இருபது நிமிஷம். மேல சிவக்கல, ஆனா உள்ள பிரமாதம்.

மெழுகுவத்தி வெளிச்சத்துல சாப்பிட உக்காந்தப்ப சொன்னேன். மக அங்க இதைச் செய்யுறா, மாட்டுக்கறி போட்டு.

தங்கமணி கரண்டியை வச்சுட்டா. நான் நினைச்சது, கோபப்படுவா, அழுவா, எங்கப்பா கேட்டா என்ன ஆகும்னு சொல்லுவா. ரொம்ப நேரம் எதுவுமே பேசல. அப்புறம் கேட்டா, "எனக்கு ஏன் சொல்லக் கூடாதுன்னா?"

"நீ வருத்தப்படுவேன்னு..."

"அன்னிக்கு பௌதி மீன் ஊட்டினப்ப நான்தானே தட்டைப் பிடிச்சேன்? அது அவளுக்கு ஞாபகம் இருக்காது. உங்களுக்கு இருக்குல்ல?"

பதில் இல்ல எங்கிட்ட. அவளுக்குப் பிடிக்காதது பிடிக்காததுதான், அதை அவ மறைக்கவும் இல்ல. ஆனா அவளுக்கு வலிச்சது கறி இல்ல. மக தட்டுல என்ன இருக்குன்னு தெரியக் கூடாத ஆளா தான் ஆயிட்டோமேங்கிறதுதான். நான் எங்கம்மாவை அப்படித்தான் ஆறு வருஷம் வச்சிருந்தேன்.

கரண்ட் வந்ததும் அவளே வீடியோவுல மகளைக் கூப்பிட்டா. 2020 ஆகஸ்ட்ல சென்னையிலேர்ந்து கடலுக்கடியில கேபிள் வந்ததுலேர்ந்து முகமாவது உடையாமத் தெரியுது. லீட்ஸ்ல சாயங்காலம். மக என் முகத்தைப் பாத்தா, அம்மா முகத்தைப் பாத்தா, புரிஞ்சுக்கிட்டா.

"அந்த டின்ல இனிப்பு ஜாஸ்தியாமே," தங்கமணி ஆரம்பிச்சா. "அப்படியே கொட்டாதே. மிளகு தட்டிப் போடு, குளிருக்கும் நல்லது. அடுத்த பார்சல்ல கருப்பட்டி வைக்கிறேன்."

மகளுக்குப் பேச்சு வரல. தலையை மட்டும் ஆட்டினா.

மறுநாள் என் தட்டுல மிச்சம் இருந்ததைத் தோசைக்குத் தொட்டுக்கிட்டேன். அன்னிக்கை விட ருசி. வெளிநாட்டுல புள்ளைங்க இருக்கிறவங்க ஒரு தடவை செஞ்சு பாருங்க. செஞ்சுட்டு, அவங்க என்ன சாப்பிடுறாங்கன்னு கேளுங்க. கேட்டுட்டு, சூடா இருந்துச்சான்னு மட்டும் கேளுங்க.