சின்ன அதிர்வுகளின் கணக்கு

பேத்தி ஹைதராபாத்தில் நிலநடுக்கவியல் படிக்கிறாள். விடுமுறைக்குக் குன்னூர் வந்தபோது, "தாத்தா, இந்த ரெண்டு கோட்டையும் பாருங்க" என்று மடிக்கணினியைத் திருப்பினாள். ஒன்றின்மேல் ஒன்றை வைத்ததும் ஒரே கோடாகத் தெரிந்தது. ஆண்டுகள் இடைவெளியில் வந்த இரண்டு நிலநடுக்கங்கள் அவை.

பாறைப் பிளவில் ஒரு சிறு இடம் மட்டும் இறுகிப் பிடித்துக்கொள்ளுமாம். சுற்றியுள்ள பாறை மெல்ல நகர நகர, தாங்காமல் ஒருநாள் விட்டுவிடும். பிறகு மறுபடி பிடிக்கும். இடமும் அலை வரும் வழியும் அவையேதான் என்பதால் கருவியில் விழும் வடிவமும் மாறாது. ஒரு நிலநடுக்கத்தின் அலையை மாதிரியாக வைத்துக்கொண்டு, மாதக்கணக்கான பதிவின்மீது அதை நகர்த்திப் பார்க்கிறது அவளுடைய பைத்தான் ஸ்கிரிப்ட். ஒற்றுமை 0.95-ஐத் தாண்டினால் ஒரே குடும்பம் என்று ஒதுக்கி வைக்கிறது. அதோடு வேலை முடியவில்லை. ஒரே கல்குவாரியில் வைக்கும் வெடிகளும் இப்படி அச்சாக விழும். பகலில் மட்டுமே வருகிறதா என்று ஆள்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இந்த நிதானம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

இப்படித் திரும்ப வருவதை நம்பி நாள் குறித்தவர்களும் உண்டு. கலிபோர்னியாவின் பார்க்ஃபீல்டில் 1857 முதல் 1966 வரை சராசரியாக 22 ஆண்டுக்கு ஒருமுறை 6 அளவை ஒட்டிய நிலநடுக்கம் வந்தது. அடுத்தது 1993-க்குள் வரும் என்று கருவிகளை நட்டுக் காத்திருந்தார்கள். வந்ததோ 2004 செப்டம்பர் 28-இல். நாள் குறித்தது தவறியும் கருவிகளைப் பிடுங்காமல் விட்டார்களே, அதனால்தான் அந்த அதிர்வு அவ்வளவு நுணுக்கமாகப் பதிவானது.

மகாராஷ்டிரத்தின் கொய்னாவில் அணை நிரம்பத் தொடங்கிய பின் சிறு அதிர்வுகள் கிளம்பின. 1967 டிசம்பர் 11 விடியற்காலை 6.3 அளவில் பெரியது வந்தது. சுமார் 180 பேர் இறந்தார்கள். இன்றும் அங்கே நிலம் அதிர்ந்துகொண்டுதான் இருக்கிறது. அந்தப் பதிவுகளை வைத்துத்தான் பேத்தி பழகுகிறாள்.

எஸ்டேட்டில் நான் சேர்ந்த புதிதில் தினமும் காலையில் மழைமானி பார்த்து எழுதுவது என் பொறுப்பு. "மழை இல்லைன்னா இல்லைன்னு எழுதணும் தம்பி, கட்டத்தைச் சும்மா விடக்கூடாது" என்பார் பெரிய கண்டக்டர். யார் படிக்கப்போகிறார்கள் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அதைச் சொன்னதும் பேத்தி தலையாட்டினாள்: யாருக்கும் உறைக்காத அதிர்வைப் பதிந்து வைத்தவர்களால்தான் அவள் வேலையே நடக்கிறது.

1900 பிப்ரவரி 8-இல் கோவைப் பக்கம் 6 அளவை ஒட்டிய நிலநடுக்கம் வந்ததே, அது திரும்ப வந்தால் உன் ஸ்கிரிப்டுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியாது தாத்தா. ஒப்பிட்டுப் பார்க்கிற மாதிரி கிட்டத்துப் பதிவு வேணும். இனிமே வர்றதையாவது சின்னது பெரிசுன்னு பார்க்காம வெச்சுக்கணும்" என்றாள்.