தூரா, வண்டலா?

பெங்களூரில் வைட்ஃபீல்டுக்குத் தெற்கே வர்த்தூர் ஏரிக்கரை. காலை ஏழரை. டீக்கடை ஓரம் நிற்கிறேன். ராத்திரி மழையில் கால்வாய் பொங்கி வடிந்திருக்கிறது. அதன் வாயில் முழங்கால் அளவு கறுப்பு மண். புருஷனும் பெண்டாட்டியுமாக இருவர் வாரி டிராக்டரில் கொட்டுகிறார்கள்.

டிராக்டர்காரர் போனில் யாரிடமோ கன்னடத்தில் 'ஹூளு' என்கிறார். மண் வாருகிறவர், "தூரு எவ்ளோ கெடக்குது பாரு" என்கிறார் மனைவியிடம். கன்னடத்தில் ஹூளு என்றால் புதைப்பதும்தான். நம் தூர், தூர்த்தலோடு சேர்ந்தது; பள்ளத்தை நிரப்பி மூடுவது. குளத்தை மெல்ல மூடுகிற மண் என்று இரண்டு மொழிக்காரரும் பயந்துதான் பேர் வைத்திருக்கிறார்கள்.

வண்டலுக்கு அந்தப் பயம் இல்லை. மணலைவிட நைசு, களியைவிடக் கொஞ்சம் பருமன். காய்ந்தால் விரலிடுக்கில் மாவு. தெலுங்கில் இதன் உறவுச் சொல் ஒண்ட்ரு. காவிரிப் படுகையில் வண்டல் மரியாதையான சொல். ஏரிக்குள் கிடக்கும்வரை தூர், வண்டியேறி வயலுக்குப் போனால் வண்டல். தமிழ்நாட்டில் 2017 முதல் விவசாயிகள் அனுமதி வாங்கி இலவசமாக அள்ளிப்போவது அதைத்தான்.

சங்கத்தமிழில் வண்டல் ஒரு விளையாட்டும்கூட. சிறுமிகள் மணலில் சிற்றில் கட்டி, பாவை செய்து ஆடுவது. ஐங்குறுநூற்றில் அம்மூவனார் ஒருத்தியைக் காட்டுகிறார்: தன் வண்டற்பாவையைக் கடல் பறித்துக்கொண்ட கோபத்தில், பொடிமணலை வாரிக் கடலையே தூர்க்கிறாள். மூன்றே அடிப் பாட்டு. வண்டலும் தூர்த்தலும் அதற்குள் எதிரெதிரே நிற்கின்றன.

டிராக்டர் நிழலில் அவர்கள் மகள். நாலு வயசு இருக்கும். யாரோ குடித்துப் போட்ட பேப்பர் கப்பில் அந்தக் கறுப்பு மண்ணை அமுக்கிக் கவிழ்க்கிறாள். மூன்று இட்லி ஆயிற்று. நாலாவது உடைந்துவிட்டது.

"ஏ பாப்பா, தொடாத! சாக்கடை மண்ணு." அம்மா ஓடிவந்து பாட்டில் தண்ணீரில் கையைக் கழுவிவிடுகிறாள். குழந்தை அழவில்லை, இட்லியையே பார்க்கிறது. அம்மாவின் மண்வெட்டி அந்த மூன்றையும் சேர்த்துச் சட்டியில் அள்ளுகிறது.

அவள் சொல்வது சரிதான். ஊர்ச் சாக்கடை இறங்கும் ஏரி இது. 2015-ல் இதன் நுரை சாலைக்கே பறந்து வந்தது. இந்த மண்ணை எந்த வயலில் போடுவது?

டிராக்டர் கிளம்புகிறது. வாராத மிச்சம் கால்வாய் வாயிலேயே கிடக்கிறது. அடுத்த மழையில் ஏரிக்குப் போகும். அங்கிருந்து தட்சிண பினாகினி, ஒசூர்ப் பக்கம் கெலவரப்பள்ளி அணை. தமிழ்நாட்டில் அந்த ஆற்றுக்குப் பெயர் தென்பெண்ணை.