கலமில்லாத் துளி

திரவத்துக்குக் கனவளவு உண்டு, வடிவம் இல்லை. கொண்ட கலத்தின் வடிவமே அதன் வடிவம் என்பர். பாடநூல்களில் நெடுங்காலமாக இடம்பெற்றுவரும் இவ்விலக்கணத்தினுள் ஒரு வினா மறைந்துள்ளது. கலமே இல்லாவிடின் திரவம் யாதாகும்?

இது வெறும் தத்துவ விசாரமன்று. அலுமினியம் ஒட்சைட்டு 2050 பாகை செல்சியசை அண்மித்தே உருகுகிறது. யுரேனியம் ஈரொட்சைட்டுக்கோ 2800 பாகைக்கும் மேற்பட்ட வெப்பநிலை வேண்டும். அவ்வெம்மையில் புடக்குகையின் சுவரும் சிறிது கரைந்து உருகற்பொருளோடு கலக்கக்கூடும். அளக்கப்படுவது பொருளின் பண்பா, கலத்தின் கறையா என்ற ஐயம் அப்போது எழுகிறது.

இவ்வையத்தைத் தீர்க்க எழுந்த வழிகளுள் ஒன்றே காற்றியக்க மிதப்பு முறை. கூம்பு வடிவான குழல்வாயின் அடியிலிருந்து ஆகன் போன்றதொரு வாயு மேலெழுகிறது. இரண்டு மூன்று மில்லிமீற்றர் விட்டமுள்ள மணியொன்று சுவரைத் தீண்டாது அவ்வாயுவின்மீது மிதக்கிறது. லேசர்க் கதிர் அதனை உருக்குகிறது. அது வீசும் ஒளியைக் கொண்டே வெப்பநிலை அளக்கப்படுகிறது. உருகிய துளி சிந்துவதில்லை. பரப்பிழுவிசையால் ஏறத்தாழக் கோளமாகத் திரண்டு நிற்கிறது. வடிவமற்றதெனக் கொள்ளப்பட்ட பொருளுக்குத் தனக்கென ஒரு வடிவம் இருந்தது. அதனை மறைத்திருந்தது கலமே.

உறைதலிலும் கலத்தின் கை உண்டு. பளிங்கு உருவாகத் தொடங்குவதற்குச் சுவரோ தூசியோ பற்றுக்கோடாக அமைகிறது. நீர் தன் உறைநிலைக்குக் கீழும் உறையாதிருக்கக்கூடும் என்பதை பரனைற்று 1724 இல் எடுத்துரைத்தார். மிதக்கும் துளியோ தன் உருகுநிலைக்குப் பல நூறு பாகை கீழும் திரவமாகவே நிற்கவல்லது. முடிவில் அது பளிங்காகும் கணத்தில், மறைந்திருந்த வெப்பம் வெளிப்பட்டுத் துளி திடீரெனப் பிரகாசிக்கிறது. சில ஒட்சைட்டுக் கலவைகள் பளிங்காகாமலே கண்ணாடியாகிவிடுகின்றன. புடக்குகையில் அவற்றைக் கண்ணாடியாக்குதல் அரிது.

2011 இல் புக்குசிமாவில் அணு உலைகளின் எரிபொருள் உருகியது. அத்தகைய விபத்தில் அவ்வுருகல் எவ்வாறு நடந்துகொள்ளும் என்று கணிப்போருக்குத் தூய தரவுகள் வேண்டும். 2014 இல் வெளியான ஆய்வொன்றில், அமெரிக்காவின் ஆகோன் தேசிய ஆய்வுகூடத்திலே யுரேனியம் ஈரொட்சைட்டுத் துளி மிதக்கவிடப்பட்டு எக்ஸ்-கதிர்களால் ஆராயப்பட்டது. திண்மத்தில் ஒவ்வொரு யுரேனியம் அணுவையும் சூழ்ந்திருக்கும் எட்டு ஒட்சிசன் அணுக்கள், உருகியபின் சராசரியாக ஏழளவிற்குக் குறைகின்றன எனத் தெரியவந்தது.

ஆயினும் மிதக்கும் துளி முற்றும் தனித்ததன்று. தாங்கும் வாயு அதனைத் தீண்டிக்கொண்டேயிருக்கிறது. வாயுவிலுள்ள ஒட்சிசனின் அளவுக்கேற்பச் சில துளிகளின் இயைபும் மாறும். ஆகவேதான் நேர்மையான ஆய்வாளன் தன் முடிவோடு, எவ்வாயுவில் துளி மிதந்தது என்பதையும் சேர்த்தே எழுதுகிறான். ஏடெழுதியோரும் பதிப்பித்தோரும் கைமாற்றித் தந்த பழைய நூலொன்றை ஆராயும் கலைப்பீட மாணவனும் இவ்வழக்கத்தைக் கைக்கொள்ளலாம். தாங்குவது ஏதுமின்றி எப்பொருளும் ஆய்வுக்கு வருவதில்லை. தாங்கியது எதுவென மறையாது கூறுதலே அறிவின் கடன்.