குறையுள்ள பொருளைத் திருப்பித் தருதல்: ஒரு கைபேசி கற்பித்த பாடம்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



சிங்கப்பூரில் வார இறுதி மதரஸாவில் ஃபிக்ஹுப் பாடம் நடத்திவரும் நாம், கொடுக்கல் வாங்கல் பற்றிய பகுதியில் 'கியாருல் ஐப்' என்னும் பாடத்தை ஆண்டுதோறும் கற்பித்து வருகின்றோம். விலை கொடுத்து வாங்கிய பொருளில், அது விற்றவரிடம் இருந்தபோதே இருந்த குறையொன்று பின்னர் தெரியவந்தால், அதைத் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பதே அப்பாடத்தின் சுருக்கம். நூல்களில் ஒட்டகமும் ஆடும் துணியும் எடுத்துக்காட்டுகளாக வரும். மாணவர்கள் அவற்றை மனனம் செய்து தேர்வில் எழுதி விடுவர். நாமும் மதிப்பெண் இட்டு விடுவோம். சென்ற ஆண்டு அந்தப் பாடம் ஒரு கைபேசியின் வடிவில் நம் இல்லத்திற்கே வந்து சேர்ந்தது.

நம் மூத்த மகன் பலதொழில் கல்லூரியில் சேர்ந்த வேளையில், இருபத்து நான்கு மாத ஒப்பந்தத்தில் அவனுக்கு ஒரு கைபேசி எடுத்துக் கொடுத்தோம். முன்பணம் ஒரு தொகை, பின்னர் மாதந்தோறும் ஒரு தொகை என்பது ஏற்பாடு. மதரஸா ஆசிரியரின் வருவாயில் அது சிறிய செலவன்று. மூன்றாவது வாரத்திலேயே கைபேசி கையில் பிடிக்க இயலாத அளவுக்குச் சூடேறத் தொடங்கியது. மின்கலம் பாதி இருக்கும்போதே திரை அணைந்து விடும். மகன் கல்லூரியிலிருந்து தன் நண்பனின் கைபேசி வழியாக, "வாப்பா, மறுபடியும் அணைந்துவிட்டது" என்று செய்தி அனுப்புவான்.

நாம் உடனே கடைக்குச் சென்றிருக்க வேண்டும். செல்லவில்லை. தாடியும் தொப்பியுமாக ஒரு கடையின் முகப்பில் நின்று வாதாடுவது நமக்குக் கூச்சமாக இருந்தது. "சபர் செய்வோம்" என்று இல்லத்தாரிடம் கூறினோம். "நீங்கள் சபர் செய்யுங்கள். மாதப் பணம் சபர் செய்யாது" என்று பிள்ளைகளின் உம்மா பதில் அளித்தார். இவ்வாறே மூன்று தவணைகள் கழிந்தன.

நான்காவது மாதத்தில் வகுப்பில் அதே பாடம் வந்தது. ஷாஃபிஈ மத்ஹபின்படி, குறையை அறிந்தவுடன் தக்க காரணமின்றித் தாமதித்தால் திருப்பித் தரும் உரிமை விழுந்துவிடும் என்று விளக்கினோம். ஹனஃபி மத்ஹபில் தாமதம் மட்டுமே அவ்வுரிமையைப் பறிக்காது; ஆனால் குறையை அறிந்த பின்னரும் அதை ஏற்றுக்கொண்டவரைப் போலப் பயன்படுத்தினால் உரிமை போய்விடும் என்றும் கூறினோம். கூறிக்கொண்டிருக்கும்போதே நம் குரல் தாழ்ந்தது. நாம் சபர் என்று பெயரிட்டிருந்தது உண்மையில் கூச்சமே என்பது அப்போது விளங்கியது.

நபி (ஸல்) அவர்களிடம் கொடுத்த கடனைத் திரும்பக் கேட்டு ஒரு மனிதர் கடுமையாகப் பேசிய நிகழ்ச்சி புகாரியில் பதிவாகியுள்ளது. தோழர்கள் அவர்மீது சினம் கொண்டபோது, உரிமை உடையவருக்குப் பேச இடமுண்டு என்று கூறி அண்ணலார் அவர்களைத் தடுத்தார்கள். அதுமட்டுமன்றி, அவருக்குச் சேரவேண்டியதைவிடச் சிறந்ததைக் கொடுக்கவும் ஏவினார்கள். தன் உரிமையைக் கேட்பவர் பொறுமை அற்றவர் அல்லர் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

மறுநாள் மகனை அழைத்துக்கொண்டு கடைக்குச் சென்றோம். முகப்பில் இருந்த இளைஞர் மரியாதையாகவே பேசினார். ஆயினும், கடையில் மாற்றிக் கொடுப்பது முதல் ஒரு வாரத்திற்கு மட்டுமே என்றும், இனிமேல் தயாரிப்பாளரின் பழுதுபார்ப்பு நிலையத்திற்குத்தான் செல்ல வேண்டும் என்றும் கூறினார். பின்னர் கைபேசியைத் திருப்பிப் பார்த்து, அதன் மூலையில் இருந்த வெடிப்பைச் சுட்டிக்காட்டி, "இது கீழே விழுந்ததா?" என்று வினவினார்.

"இல்லை" என்றோம் நாம், சற்று உரக்கவே. அவ்வாறே நம்பியிருந்தோம். அப்போது மகன் நம் சட்டைக் கையை மெல்ல இழுத்தான். "வாப்பா, ஒரு தடவை விழுந்தது. படிக்கட்டில். உங்களிடம் சொல்லவில்லை" என்றான் தமிழில். அந்த இளைஞருக்குத் தமிழ் தெரியாது.

ஒரு நிமிடம் நாம் அசையாமல் நின்றோம் என்பதை மறைக்காமல் எழுதுகின்றோம். கோளாறு தொடங்கியது மூன்றாவது வாரத்தில். கைபேசி விழுந்தது இரண்டாவது மாதத்தில். ஆகவே விழுந்ததனால் வந்த பழுதன்று இது. நம் கோரிக்கை நியாயமானதே. "விழுந்தது" என்று ஒப்புக்கொண்டால் அந்த நியாயம் எடுபடாமலே போகலாம். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இவ்வாறெல்லாம் மனம் கணக்குப் போட்டது. அருகில் மகன் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறைகளைத் தெளிவுபடுத்தினால் அவர்களுடைய வியாபாரத்தில் பரக்கத் அருளப்படும். மறைத்துப் பொய்யுரைத்தால் அந்த பரக்கத் அழிக்கப்படும் என்னும் கருத்தில் ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. நாம் அதைப் பல்லாண்டுகளாக வணிகர்களுக்கான உபதேசமாகவே ஓதி வந்தோம். மேலே ஈரமில்லாத தானியத்தைக் காட்டி உள்ளே நனைந்ததை மறைத்த வியாபாரியை நபியவர்கள் கண்டித்த நிகழ்ச்சியையும் அப்படியே சொல்லி வந்தோம். ஹதீஸில் இருவரும் குறிப்பிடப்படுகிறார்கள் என்பது அந்தக் கடையின் முகப்பில்தான் நம் நெஞ்சில் தைத்தது. அன்று குவியலுக்குள் ஈரத்தை வைத்திருந்தவர் நாமே.

"மன்னிக்க வேண்டும். நாம் சொன்னது தவறு. ஒரு முறை விழுந்திருக்கிறது. ஆனால் கோளாறு அதற்கு முன்பே தொடங்கியது" என்று அந்த இளைஞரிடம் கூறினோம். அவர் அதை எழுதிக்கொண்டார். கீழே விழுந்த கருவிக்கு உத்தரவாதம் இல்லை என்று சொல்லிக் கைபேசியைத் திருப்பித் தந்துவிட்டார். பேருந்தில் மகன் அழுதான். "உண்மையைச் சொன்னதால்தானே போயிற்று?" என்று கேட்டான். அதற்கு உடனே சொல்ல நம்மிடம் பதில் இருக்கவில்லை.

அன்றிரவு நாம் சட்டத்தைத் தேடிப் படித்தோம். சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும் 'லெமன் சட்டம்', பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக) சட்டத்தின் ஒரு பகுதியாகும். பழுதான பொருளை 'லெமன்' என்று குறிப்பிடும் ஆங்கிலப் பேச்சுவழக்கிலிருந்து அப்பெயர் வந்தது. பொருளைப் பெற்ற ஆறு மாதங்களுக்குள் குறை வெளிப்பட்டால், அது ஒப்படைக்கும்போதே இருந்ததாக அச்சட்டம் கருதும். அவ்வாறன்று என்று நிரூபிக்கும் பொறுப்பு விற்றவருடையது. முதலில் விற்றவர் நியாயமான காலத்திற்குள், நமக்குப் பெரும் தொல்லை இல்லாமல் பழுதுபார்த்தோ மாற்றியோ தர வேண்டும். அது நிறைவேறாவிட்டால் விலைக் குறைப்பையோ, பொருளைத் திருப்பித் தந்து பணத்தையோ நாம் கோரலாம். நாம் பயன்படுத்திய அளவுக்கு அப்பணத்தில் கழிவும் இருக்கலாம்.

இதில் இரு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, இந்தப் பொறுப்பு விற்றவரைச் சார்ந்தது. தயாரிப்பாளரின் உத்தரவாதம் அதற்கு மேலதிகமானதே தவிர, அதற்கு மாற்று அன்று. ஆகவே "பழுதுபார்ப்பு நிலையத்திற்குப் போங்கள்" என்னும் ஒரு சொல்லால் விற்றவரின் பொறுப்பு நீங்கிவிடாது. கடையின் 'ஒரு வார' விதியும் சட்டம் அளித்த உரிமையை அழிக்காது. இரண்டாவது, நாமே உண்டாக்கிய சேதத்திற்கும், வழக்கமான தேய்மானத்திற்கும், வாங்கும் முன்பே நமக்குத் தெரிவிக்கப்பட்ட குறைக்கும், "மனம் மாறிவிட்டது" என்பதற்கும் இச்சட்டத்தில் இடமில்லை. வேறு வகையில் சொன்னால், நம் மூலை வெடிப்பு நம்முடையது. சூடேறும் கோளாறு அவர்களுடையது.

இதைப் படித்தபோது ஃபிக்ஹு நூலின் பக்கங்களே நினைவுக்கு வந்தன. வாங்கியவரிடம் வந்தபின் பொருளில் புதிய குறையொன்று உண்டானால், பழைய குறையைக் காட்டி அதைத் திருப்பித் தர அவர் வற்புறுத்த இயலாது. ஆயினும் பழைய குறைக்கு உரிய ஈட்டுத்தொகையைப் பெறும் வழி உண்டு என்பது ஷாஃபிஈ நூல்களின் விளக்கம். பால் மிகுதியாக இருப்பதாகத் தோன்றும்படி மடி கட்டப்பட்ட ஆட்டை வாங்கியவர் அதைத் திருப்பித் தரலாம். ஆனால் கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாவு பேரீச்சம்பழத்தையும் சேர்த்துத் தர வேண்டும் என்று ஹதீஸ் கற்பிக்கிறது. ஏமாற்றப்பட்டவரும் தாம் அடைந்த பயனுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியவரே.

நாம் நிறுவனத்திற்கு ஒரு மடல் எழுதினோம். கைபேசி பெற்ற நாள், கோளாறு தொடங்கிய நாள், விழுந்த நாள் ஆகிய மூன்றையும் வரிசையாகக் குறிப்பிட்டோம். மூன்றாவது வாரத்தில் மகன் நமக்கு அனுப்பிய செய்திகளின் படங்களையும், ஒப்பந்தத்தின் நகலையும், பற்றுச்சீட்டையும் இணைத்தோம். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்பகராவின் 282ஆவது வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்வதன் பயன் அன்று நமக்கு நன்கு விளங்கியது. 'விழுந்தது' என்பதை நாமே முதலில் எழுதியிருந்ததால், அந்நாளுக்கு முந்திய செய்திகள் நமக்குச் சான்றாக நின்றன. கடையில் மறைத்திருந்தால் இந்த மடலை நேர்மையாக எழுதவே முடிந்திருக்காது.

மாதத் தவணையை நிறுத்திவிடலாம் என்று நண்பர்கள் சிலர் யோசனை கூறினர். நாம் நிறுத்தவில்லை. ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனம் கட்டளையிடுகிறது. மேலும், கைபேசி ஒரு பொருள். தொலைபேசி இணைப்பு ஒரு சேவை. லெமன் சட்டம் பொருளுக்கு உரியது. பொருள் பழுது என்பதற்காக நாமாகவே சேவை ஒப்பந்தத்தை முறித்தால், முன்கூட்டி முறித்ததற்கான கட்டணம் நம் தலையில் விழலாம். ஆகவே, கைபேசியைத் திருப்பித் தரும் நிலை வந்தால் இணைப்பு ஒப்பந்தம் என்னவாகும் என்பதையும் எழுத்து மூலமே கேட்டுப் பெறுவது நல்லது.

மடல் பயன் தராவிட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடவும், அதுவும் பயன் தராவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்திற்குச் செல்லவும் முடிவு செய்திருந்தோம். அம்மன்றத்தில் வழக்கறிஞர்களுக்கு இடமில்லை. 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே கொண்டு செல்லலாம். தனிமனிதர் 5,000 வெள்ளி வரை கோருவதற்கு மனுக் கட்டணம் 10 வெள்ளியே. இணையம் வழியாகவே மனுச் செய்யலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் செல்ல வேண்டும் என்பது விதி. எளியவர்களும் அணுகக்கூடிய வாயில் இது என்பதை நம் குடும்பங்கள் பலவும் அறிந்திருக்கவில்லை.

அவ்வளவு தூரம் செல்ல வேண்டியிருக்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ். நிறுவனம் கைபேசியைப் பெற்றுச் சோதித்தது. கோளாறு உள்ளே இருந்த பாகத்தில்தான் என்று ஒப்புக்கொண்டு கட்டணமின்றிப் பழுதுபார்த்தது. மூன்று வாரங்களில் அதே கோளாறு திரும்பியது. இம்முறை தாமதிக்காமல் அன்றே எழுதினோம். வேறொரு கைபேசி கிடைத்தது. பழைய கைபேசியின் வெடித்த மூலைக்காக 60 வெள்ளி கேட்டார்கள். செலுத்தினோம். பயன்படாத கைபேசிக்காக நாம் கட்டிய தவணைகள் திரும்ப வரவில்லை. அது நம் கூச்சத்திற்கு நாம் கொடுத்த விலை.

அந்த 60 வெள்ளியைக் கட்டிவிட்டு வந்தபோது மகன், "நாம் ஏன் கொடுக்க வேண்டும் வாப்பா?" என்று கேட்கவில்லை. தன் சேமிப்பிலிருந்து 20 வெள்ளியை எடுத்து மேசையில் வைத்தான். பேருந்தில் அவன் கேட்ட கேள்விக்கு நாம் இன்னும் முழுமையாகப் பதில் சொல்லவில்லை. உண்மை எப்போதும் கைபேசியைத் திருப்பித் தரும் என்று அவனுக்கு நாம் வாக்களிக்க இயலாது. நிறுவனம் மறுத்திருந்தாலும் அன்று சொன்னது சரியே என்று மட்டும் கூறியுள்ளோம்.

அன்பர்களே! குறையுள்ள பொருளைக் கண்டால் உடனே சொல்லுங்கள், எழுதிக் கேளுங்கள், குரலை உயர்த்த வேண்டியதில்லை. அளந்து வாங்கும்போது நிறைவாகப் பெற்று, அளந்து கொடுக்கும்போது குறைப்போரை அல்முதஃப்பிஃபீன் அத்தியாயம் எச்சரிக்கிறது. விற்பவரிடம் நிறைவான நேர்மையை எதிர்பார்க்கும் நாம், நம் பக்கத்துக் குறையைச் சொல்லும்போது அளவைக் குறைத்துவிடக் கூடாது.

நம் உரிமையைக் கண்ணியமாகக் கேட்கவும், பிறர் உரிமையை மறைக்காமல் கொடுக்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! நம் கொடுக்கல் வாங்கலில் பரக்கத் அருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.