ஐராவதம் மகாதேவன் ஐயாவுக்கு ஒரு நன்றி மடல்



கரூர் பக்கம் ஆறுநாட்டார் மலைக் குகைத்தளத்தில் நின்றபோது இந்தக் கடிதத்தை எழுதத் தோன்றியது. 2018இல் நீங்கள் மறைந்துவிட்டீர்கள். ஆனாலும் கடன் கடன்தானே.

நான் படித்த கல்லூரியில் சேர மன்னர்களைப் பாடும் பதிற்றுப்பத்து தமிழ்த்துறையில் இருந்தது, அசோகர் வரலாற்றுத் துறையில் இருந்தார். நடுவே ஒரு விளையாட்டுத் திடல். அதைத் தாண்டிப் போய்க் கேட்டுவிட்டு வா என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சேர மன்னர்கள் பாட்டுக்குள்ளேயே பிறந்து பாட்டுக்குள்ளேயே மறைந்தவர்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

இந்தப் பாறையில் செங்காயபன் என்ற சமண முனிவருக்கு உறைவிடம் அமைத்த செய்தி வெட்டப்பட்டிருக்கிறது. அதில் கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ என்று மூன்று தலைமுறை. 1965இல் நீங்கள் இவர்களைப் பதிற்றுப்பத்தின் ஏழு, எட்டு, ஒன்பதாம் பத்துகளின் தலைவர்களோடு பொருத்திக் காட்டினீர்கள். கல் வெட்டியவன் பாட்டைப் பார்த்து வெட்டவில்லை. புலவரும் கல்லைப் பார்த்துப் பாடவில்லை. ஒன்பதாம் பத்தின் பதிகம் அதன் தலைவனுடைய தந்தையின் பெயரைக் குட்டுவன் இரும்பொறை என்கிறது. அந்தப் பிசிறு இருக்கத்தான் செய்கிறது. பிசிறே இல்லாமல் எல்லாம் பொருந்தியிருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

பாட்டில் உள்ள பெயரைக் கல்லில் தேடிப் போகிறவன் எதையும் கண்டுவிடலாம். உங்களைக் காத்தது எழுத்தின் விதி. மிகப் பழைய தமிழ் பிராமியில் 'மகன்' என்பது பார்வைக்கு 'மாகான' என்று தெரியும். கோடு போட்டால் அகரமோ ஆகாரமோ, கோடில்லாவிட்டால் வெறும் மெய். இந்த எழுத்தில் உள்ளவை தமிழ்க் கல்வெட்டுகள் என்று 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் காட்டியிருந்தார். புள்ளி தோன்றும் வரை அந்த எழுத்துமுறை கடந்த படிகளை நீங்கள் வகுத்தீர்கள். வேதியியலும் சட்டமும் படித்து ஆட்சிப் பணிக்குப் போனவர் நீங்கள். சாட்சியைத் தனித்தனியே விசாரிக்கும் பழக்கம் அங்கிருந்தும் வந்திருக்கலாம்.

எனக்கு மிகப் பிடித்தது ஜம்பை. அசோகரின் இரண்டாம் பாறைக் கட்டளை சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சதியபுத்திரரையும் சொல்கிறது. அவர் யார் என்பதற்கு ஆளுக்கொரு விடை சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1981இல் தொல்லியல் துறையினர் திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் கண்டெடுத்த கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சியையே 'சதியபுதோ' என்று அழைத்தது. தகடூர்த் தலைவனான அவனது கொடையைச் சொல்லும் கல்வெட்டு அவ்வளவு தூரத்தில் எப்படி? அவன் கோவலூரை வென்றதைப் புறநானூற்றில் ஔவையார் பாடிவைத்திருக்கிறார்! வடக்கே ஒரு பேரரசன், தெற்கே ஒரு பாணர் மரபுப் புலவர், ஊர்ப் பாறையில் ஒரு கல்தச்சன். மூவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள்.

2003இல் வந்த உங்கள் பெருநூலில் கல்வெட்டுகளின் மைப்படிகளையும் படங்களையும் சேர்த்தே அச்சிட்டீர்கள். உங்களை மறுக்க நினைப்பவனுக்கு வேண்டிய கருவியும் அதிலேயே கிடைக்கிறது. அதற்காகத் தனியே ஒரு வணக்கம்.

இப்போது ஏழாம் பத்து தொடங்கும் வாரத்தில் மாணவர்களை இங்கே கூட்டி வருகிறேன். வரலாற்றுத் துறைப் பிள்ளைகளும் வருகிறார்கள். இந்த முறை அவர்களில் ஒரு மாணவி எழுத்துக் கூட்டி 'இளங்கடுங்கோ' என்று படித்து முடித்ததும், என் வகுப்புப் பையன் ஒருவன் பையிலிருந்து பதிற்றுப்பத்தை எடுத்து அவளிடம் நீட்டினான்.


ஒரு தமிழாசிரியர்