தடைக்கால நோட்டு

ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டன்டாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். புதுச்சேரிக்குத் திரும்பிய பிறகு பிரஷர் பார்க்க, மாத்திரை சரிபார்க்க, கட்டு மாற்ற என்று வீடுகளுக்குப் போய்வருகிறேன். தலையில் அடிபட்டுத் திரும்பிய முன்னாள் சிப்பாய்களின் வீடுகளும் அதில் உண்டு. இந்த ஊரில் பட்டாளத்து வீடு என்றதும் பழைய ஆட்களுக்கு ‘சொல்தா’வும் பிரெஞ்சுப் பென்ஷனும்தான் ஞாபகம் வரும். நான் சொல்வது இந்திய ராணுவத்து வீடுகளை. இவற்றுக்கு அத்தனை பவிசு கிடையாது.

தொடக்கத்தில் உள்ளே நுழைந்ததும் நேராக அடிபட்டவரிடம்தான் போவேன். வீட்டுக்காரம்மா சுவரோரமாக நிற்பார். முதல் கேள்வியை அந்த அம்மாவிடம் கேட்க வேண்டும் என்று புரிய எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது. “நேத்து ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குனீங்க அக்கா?” இரண்டு மணி நேரம் என்றால் அன்றைக்கு எதையும் கற்றுக்கொடுக்க மாட்டேன், சொன்னாலும் நிற்காது. இந்தக் கேள்வியை அடிபட்டவர் எதிரில் கேட்கவும் கூடாது. தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். அதனால் டீ வேண்டாம் என்று நான் சொல்வதே இல்லை. அந்த ஐந்து நிமிஷம் அடுப்படியில் கிடைக்கும்.

தேங்காய்த்திட்டில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு. மலைப்பாதையில் வண்டி உருண்டு அடிபட்டவர். நடக்கிறார், சாப்பிடுகிறார், கேட்டால் பதில் சொல்கிறார். “நல்லாத்தானே இருக்காரு” என்பார்கள் உறவுக்காரர்கள். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிதான் ஒரு வேலையைத் தொடங்கவும் கோபத்தை அடக்கவும் உதவுவது. அங்கே அடிபட்டால் கை கால் ஓடும், காரியம் ஓடாது. குளிக்க உட்கார்ந்தவர் சும்மாவே உட்கார்ந்திருப்பார். “தண்ணி மொண்டு ஊத்துங்க” என்று ஒவ்வொரு சொம்புக்கும் வீட்டுக்கார அக்கா சொல்ல வேண்டும்.

அதையெல்லாம் அக்கா பொறுத்துக்கொண்டார். கோபத்தைத்தான் தாங்க முடியவில்லை. தட்டு பறக்கும், அக்கம்பக்கம் எட்டிப்பார்க்கும். ஃபிட்ஸுக்குக் கொடுக்கிற லெவடிரசிட்டம் சிலருக்கு எரிச்சலைக் கிளப்பும். அதுதான் காரணம் என்று நான் உறுதியாக இருந்தேன். டாக்டரிடம் கேட்கச் சொன்னேன்; அவர் பங்குனியில் மாத்திரையை மாற்றினார்.

அதற்கு முன்பே ஒரு நோட்டுப் போடச் சொல்லியிருந்தேன். முதலில் அக்கா “கத்தினார்” என்று மட்டும் எழுதினார். மூன்று கோடு போட்டுக் கொடுத்தேன்: எத்தனை மணிக்கு, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, எவ்வளவு நேரத்தில் அடங்கியது. யார் மேல் தப்பு என்று எழுத வேண்டாம் என்றும் சொன்னேன்.

ஏப்ரல் நடுவிலிருந்து பக்கங்கள் ஏறக்குறைய காலி. மாத்திரை வேலை செய்கிறது என்று பெருமையடித்துக்கொண்டேன். அக்கா சிரித்தார்.

“போட்டுங்க போவலியே தம்பி.”

கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விடியுமுன் இன்ஜின் சத்தம், ஐஸ் ஏற்றுகிற சத்தம், ஆள் கூப்பிடுகிற சத்தம் எதுவும் இல்லை. அடிபட்ட மூளைக்கு வேண்டாத சத்தத்தை ஒதுக்கத் தெரியாது. எல்லாமே ஒரே அளவில் வந்து மோதும். தூக்கம் கெட்டு எழுந்தவர் காப்பி நேரத்தில் வெடிப்பார். தடை முடிந்து படகுகள் போகத் தொடங்கியதும் அதே மாத்திரையோடு கோபம் திரும்பி வந்தது. கண்டுபிடித்தது அக்கா. நான் கோடு போட்டுக் கொடுத்ததோடு சரி.

கட்டிலைப் பின்னறைக்கு மாற்றினோம். ஜன்னலுக்குக் கனமான போர்வை. காப்பி அரை மணி நேரம் தள்ளி, டிவி போடாமல். முழுக்க நின்றுவிடவில்லை. வாரத்துக்கு நாலைந்தாக இருந்தது ஒன்றாகக் குறைந்தது.

“மீனுக்குக்கூட ரெண்டு மாசம் லீவு குடுக்கறாங்க தம்பி” என்றார் ஒரு நாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நூறு சதவீத இயலாமை என்று பதிவாகி, கூடவே ஆள் வேண்டும் என்று மெடிக்கல் போர்டும் பரிந்துரைத்தால், பென்ஷனோடு உதவியாளர் படி உண்டு. 2017 ஜூலையில் அது மாதம் 6,750 ரூபாயாக உயர்ந்தது. நாளுக்கு 225 ரூபாய்! அதுவும் அவர் பென்ஷனில்தான் சேரும். அமெரிக்காவில் 2010-இல் வந்த சட்டம், செப்டம்பர் 11-க்குப் பிறகு படைப்பணியில் படுகாயமடைந்தவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாருக்கு அவர்கள் பெயரிலேயே உதவித்தொகை கொடுத்தது. பயிற்சி உண்டு, அவர்கள் ஓய்வெடுக்க மாற்று ஏற்பாடும் உண்டு. அந்த ஓய்வைத்தான் நாம் இன்னும் ஒரு தேவையாகவே எண்ணவில்லை.

உங்கள் தெருவில் இப்படி ஒரு வீடு இருந்தால் “எப்படி இருக்காரு?” என்று வாசலில் நின்று விசாரிக்காதீர்கள். மத்தியானம் இரண்டு மணி நேரம் உள்ளே போய் அவரோடு உட்காருங்கள். மாத்திரை எங்கே இருக்கிறது, ஃபிட்ஸ் வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று முதலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த அம்மா தூங்கட்டும்.