வண்டி எண்ணின் கடைசி எழுத்து

சிங்கப்பூர் போய் வந்தவன் என்று தெரிந்ததும் வகுப்பு நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, "ஃபெராரி பார்த்தாயா, லம்போகினி பார்த்தாயா?" என்பதுதான். பார்த்தேன். முதல் வாரம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். மூன்றாம் வாரமே அவை சலித்துவிட்டன. அந்த நாட்டில் அபூர்வமானது விலையுயர்ந்த கார் அன்று, பழைய கார்தான்!

அங்கே வண்டி வாங்கப் பணம் மட்டும் போதாது. சி.ஓ.இ. என்னும் உரிமைச் சான்றிதழை ஏலத்தில் எடுக்க வேண்டும். 1990-இல் வந்த ஏற்பாடு இது. 2023 அக்டோபரில் சிறிய காருக்கான சான்றிதழே 1,06,000 வெள்ளியைத் தொட்டது. அதுவும் பத்தாண்டுகளுக்குத்தான். பிறகு மீண்டும் பணம் கட்ட வேண்டும், இல்லையேல் வண்டியை உடைக்கவோ வெளிநாட்டுக்கு ஏற்றவோ வேண்டும். என் தந்தையாரின் டி.வி.எஸ். வண்டி என்னைவிட மூத்தது. இன்றும் நெல்மூட்டை சுமக்கிறது. அங்கே பிறந்திருந்தால் அதன் ஆயுள் எப்போதோ முடிந்திருக்கும்.

ஆகவே சாலையில் ஒரு மோரிஸ் மைனரோ, பழைய வோக்ஸ்வாகன் 'வண்டுக்' காரோ தென்பட்டால் அது ஒரு தரிசனம். பக்கப்பெட்டி பூட்டிய வெஸ்பா ஸ்கூட்டரை முதன்முதலில் அங்கேதான் கண்டேன். சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்துள்ள கார்கள் வேறொரு சாதி. வார நாட்களில் காலை ஏழு முதல் மாலை ஏழு வரை அவற்றை ஓட்டத் தனிக்கட்டணம் உண்டு. விடியுமுன் ஜொகூர் பாலத்தைக் கடந்து, 'ஜே' எழுத்தில் தொடங்கும் மலேசிய மோட்டார் சைக்கிள்கள் தேனீக்கூட்டம்போல் வரும். எல்லாவற்றிலும் வேடிக்கை, ஒருநாள் நாங்கள் எழுந்து நின்று பார்த்த வண்டி நம்மூர் புல்லட்! தெருவுக்கு நான்கு நிற்கும் வண்டி, அங்கே கண்டவுடன் ஏதோ உறவினரைக் கண்டதுபோல் இருந்தது.

'நாங்கள்' என்றது லாரியின் பின்தட்டில் இருந்தவர்களை. பிளஸ் டூ முடித்தபின் பதினொரு மாதம் அங்கே கட்டட வேலை பார்த்தேன். விடுதியிலிருந்து வேலையிடத்துக்குப் போவதும் வருவதும் லாரியில்தான். சிக்னலில் நிற்கும்போது பின்னால் வரும் காரில் இருப்பவர் முகம் பத்தடி தூரத்தில் இருக்கும். நாங்கள் அவரைப் பார்ப்போம். அவர் எங்களைப் பார்க்காததுபோல் இருப்பார். அவர்மேல் கோபம் ஏதுமில்லை. ஆனால் கண்ணை எங்கே வைத்துக்கொள்வது என்ற சங்கடம் இருபுறமும் உண்டு. எண் பலகை அதற்கு வசதியான இடம்.

பெரம்பலூர்ப் பக்கத்து அண்ணன் ஒருவர் எங்களோடு இருந்தார். பதினான்கு ஆண்டுகளாக அங்கே இருப்பவர். எண்ணுக்குப் பின்னால் வரும் கடைசி எழுத்து சும்மா வருவதில்லை, கணக்குப் போட்டு வைப்பது என்று சொன்னவர் அவர்தான். கைப்பேசியில் தேடி முறையைப் பிடித்தேன். எஸ்.கே.எல். 1234 என்று வைத்துக்கொள்வோம். முதல் எழுத்தை விட்டுவிடுங்கள். 'கே' பதினொன்றாம் எழுத்து, 'எல்' பன்னிரண்டாம் எழுத்து. 11, 12, 1, 2, 3, 4 ஆகியவற்றை முறையே 9, 4, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 177. அதை 19-ஆல் வகுக்க மீதி 6. மீதி ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து உண்டு, ஆறுக்கு 'எஸ்'. பத்தொன்பது மீதிகளுக்கும் உரிய எழுத்துகளை மனப்பாடம் செய்துவிட்டேன். முன் எழுத்துகளையும் எண்ணையும் அவர் படிப்பார். கடைசி எழுத்தை நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வேண்டும். பந்தயம் ஒரு தேநீர். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் அந்தக் கடன்கள் தீரும்.

"அது ஏன் தம்பி பத்தொம்பது? இருபதால வகுத்தா என்ன?" என்று ஒருநாள் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. "ஏஜண்ட் கடன் அடைஞ்சதும் ஊருக்குப் போய்ப் படி. தெரிஞ்சதும் எனக்குச் சொல்லு" என்றார். அவர் பத்தாவதோடு நின்றவர்.

விடை சென்ற ஆண்டு எண் கோட்பாட்டு வகுப்பில் கிடைத்தது. 19 பகா எண். எண்ணில் ஓர் இலக்கத்தைத் தவறாக எழுதினால், அந்த வித்தியாசம் ஒன்பதுக்கு மேல் போகாது. பெருக்கும் எண்ணோ ஐந்துக்கு மேல் இல்லை. இவ்விரண்டின் பெருக்கற்பலன் 19-ஆல் ஒருபோதும் வகுபடாது. எனவே மீதி மாறியே தீரும். கடைசி எழுத்து காட்டிக்கொடுத்துவிடும். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் அப்படியே. இருபதாக இருந்தால், நான்கால் பெருக்கும் இடத்தில் 2 என்பதை 7 என்று எழுதினாலும் பிழை தெரியாமல் போகும். அன்றிரவே அண்ணனுக்குக் குரல் பதிவு அனுப்பினேன். "மூணு தடவ கேட்டேன் தம்பி, ரெண்டாவது தடவையே புரிஞ்சுது. மூணாவது சும்மா கேட்டேன்" என்று பதில் வந்தது.

இப்போதும் வாரம் ஒரு படம் அனுப்புகிறார். ஏதாவதொரு பழைய கார், எண் பலகை, கடைசி எழுத்தின்மேல் அவருடைய கட்டைவிரல்.